அம்மா தலை இழுக்கிறா, கொஞ்சம் பொறு

அம்மாவின் உயிர் போய்விட்டது என்று வைத்தியர் வந்து சொன்னபோது, சேலைன் போத்தலை யார் கழற்றுவது என்று கேட்டேன். அதுதான் என் வாயில் வந்தது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நேர்ஸைக் கூப்பிட்டார். நான் கீழே போய், கன்ரீனில் ஒரு பிளேன்ரீ வாங்கி, அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு பாரிஸில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

அவன் அங்கே கத்தி அழுதான். கொழும்புக் காலி வீதியில் பெரிய லொறி போகும்போது கதையை நிறுத்திவிட்டு நிற்போமே, அப்படி நான் நின்றேன். அழுது ஓய்ந்தபின் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா, எங்கட கமராவிலயே எனக்குக் காட்டு. வேற ஆக்கள் எடுக்கிற வீடியோ வேண்டாம்."

"எதைக் காட்ட?"

"எல்லாத்தையும். கடைசி வரைக்கும்."

அவனால் வர முடியாது. அங்கே ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறான். இருப்பதற்கான பத்திரம் இன்னும் கையில் வரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து அதற்காக பஸ் ஏறினார். தம்பிக்கு மிஞ்சியது பார்ப்பது மட்டும்தான். அதையாவது அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றப்படி அந்தத் தலைக்குள் ஒன்றுமே இல்லை.

அந்தக் கமராவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு C மொழியில் நிரல் எழுதும் வேலை. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற பாதையோரம் ஒரு அலுவலகம். லொறிகளை நிறுக்கும் மேடைகளுக்குள் இருக்கிற உள்ளங்கை அளவு கணினிகளுக்கு எழுதுகிறேன். அதே மாதிரி ஒன்றை வாங்கி, ஒரு கமராவைப் பொருத்தி, எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மாவின் கதிரைக்கு முன்னால் அலுமாரித் தட்டில் வைத்தேன். அம்மா நடக்க முடியாமல் போன காலத்தில் செய்தது. படம் கமராவில் போகும், கதை போனில். தம்பிக்கு மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வு, எங்களுக்கு மாலை ஏழு மணி. அந்த ஒரு மணித்தியாலம் அவன் அம்மாவைப் பார்ப்பான்.

ஏன் ஒரு மணித்தியாலம் மட்டும்? அது அம்மாவின் சட்டம். "நினைச்ச நேரம் எல்லாம் பார்க்க நான் என்ன மிருகக்காட்சிச்சாலைக் குரங்கோ? நான் தலை இழுத்துப்போட்டு இருக்கேக்க பார்க்கட்டும்" என்றார். தலை வாரி, நேர்வகிடு எடுத்து, கொண்டையில் கிளிப் குத்தினால்தான் அம்மா கதிரையில் அமர்வார். நேரத்துக்கு முந்தி அவன் இணையப் பக்கத்தைத் திறந்தால் என்ன எழுதிக் காட்டுவது என்று கேட்டேன். அம்மா யோசிக்காமல் சொன்னதை அப்படியே நிரலுக்குள் போட்டேன்: அம்மா தலை இழுக்கிறா, கொஞ்சம் பொறு.

ஏழு மணிக்குப் படம் வந்ததும் தம்பியின் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான். "அம்மா, உச்சி கோணல்." வகிடு நூல் பிடித்த மாதிரி இருந்தாலும் அதைத்தான் சொல்வான். அம்மாவும் விடமாட்டார். "உன்ர கண்தான்டா கோணல்." அதற்குப் பிறகுதான் சாப்பிட்டியா, குளிரோ என்ற கதையெல்லாம்.

நிரலுக்கு அம்மா என்றே பெயர் வைத்தேன். வேறு பெயர் யோசிக்கப் பஞ்சி, சோம்பேறித்தனம்தான். C நிரல் ஒன்றைத் தொடங்கும்போது, அதன் பெயருக்குப் பின்னால் நாம் தட்டுகிற சொற்கள் main என்ற அதன் வாசலில் போய் இறங்கும். argc என்பது எத்தனை சொல் வந்தது என்ற எண்ணிக்கை. argv என்பது அந்தச் சொற்களின் வரிசை. வரிசையில் முதலில், பூச்சியமாம் இடத்தில், நிரலின் சொந்தப் பெயர் நிற்கும். ஆகவே நான் மாலையில் தட்டியது இவ்வளவுதான்: அம்மா, பத்தொன்பது, இருபது. எந்த மணிக்குத் திறப்பது, எந்த மணிக்கு மூடுவது. பெயரோடு சேர்த்து மூன்று சொல்.

ஒருநாள் நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார். "ஏழு மணி எண்டு நீ சொன்னால், எந்த ஊர் ஏழு மணி எண்டு உதுக்கு என்னண்டு தெரியும்? அவன்ர ஊரிலயும் ஏழு மணி வருமெல்லோ?"

நல்ல கேள்வி. எங்கள் அலுவலகத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்டாலே பாதிப்பேர் விழிப்பார்கள்.

"என்னைக் கடைக்கு அனுப்பேக்க, ஒரு தேங்காய் எண்டு சொல்லுவியள். அது வாயால சொல்லுறது. மூலைக் கடையில வாங்கக்கூடாது எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுறியளோ? இல்லையே. அந்தக் கடைக்காரரோட உங்களுக்குச் சண்டை எண்டு எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுப் பிள்ளை. கொழும்பு நேரம் எண்டதும் அப்பிடித்தான். சொல்லாமலே கூடப் போகும்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப, பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பினால் அது நேர மூலைக் கடைக்குத்தான் போகும்."

"ஓம். அதுதானே நானே அனுப்புறன்."

விஷயம் அதுதான். தட்டுகிற சொற்களைத் தவிர, இன்னொரு கட்டும் நிரலோடு வரும். சூழல் மாறிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒரு பெயர், ஒரு சமன் குறி, ஒரு பெறுமதி, இப்படிச் சின்னச் சின்ன வரிகள். எந்த நிரல் இதைத் தொடங்கிவைத்து, தாய் மாதிரிப் பெற்றதோ, அதன் கையில் இருப்பவை ஒரு பிரதியாக இதற்கும் வந்துவிடும். நினைவகத்தில் argv முடிகிற இடத்துக்கு மேலே பேசாமல் கிடக்கும். நிரல் தேடினால் அகப்படும். தேடாவிட்டால் கடைசிவரை அங்கேயே இருக்கும். பிள்ளை தன் பிரதியில் எதை மாற்றினாலும் பெற்றதுக்குத் தெரியவராது. அந்தக் கருவியின் சொந்தக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. எங்களைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கொழும்பு நேரம் என்பதை TZ என்ற மாறியில் போட்டு, நான் கடவுச்சொல் கொடுத்துக் கருவிக்குள் நுழைந்தவுடன் ஓடுகிற கோப்பில் எழுதியிருந்தேன். நான் நுழைந்தால் அது என்னோடு வரும். நான் தொடங்குகிற நிரலோடும் போகும்.

மின்சாரம் போய்வந்தாலும் நான்தான் நுழைந்து மறுபடி தொடங்குவேன். அதனால் ஒருநாளும் பிழைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு, இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கும் மலர்ச்சாலை ஒன்றில் மண்டபம் எடுத்தோம். எங்கள் மாடிவீட்டின் லிஃப்டில் பெட்டியை நிமிர்த்தித்தான் ஏற்றலாம். அம்மாவை அப்படிக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி பெண்கள் மண்டபத்தோடு நிற்கவேண்டும். சுடலைக்கு ஆண்கள்தான் போவார்கள். பெட்டி வெளியே போனதும் பெண்கள் வீட்டுக்கு வந்து, வீடு கழுவி, தலை முழுகவேண்டும்.

"எங்கட பக்கத்தில பொம்பிளையளும் சேமக்காலைக்குப் போறது பிள்ளை. நீ ஏன் போகாமல் நிக்கிறாய்? உன்ர தாய்தானே?" என்றார் மாமி. அம்மாவின் தம்பியைக் கட்டியவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. வேறு நாளாயிருந்தால் நான் நாலு பேரோடு சண்டை கொழுவியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்குக் கொழுவுவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை. "விடுங்கோ மாமி" என்று சொல்லிவிட்டுக் கருவியை எடுத்து மடியில் வைத்தேன்.

நான் போகாவிட்டால் கருவியை யார் தொடங்குவது? மாமியின் மகன், என் மச்சான், சுடலைக்குப் போகிறவன். நல்லவன்தான், ஆனால் போன் சார்ஜ் போடுவதற்கு மேல் அவனிடம் எதையும் கேட்கக்கூடாது. "நீ பவர்பாங்கைக் குத்தி, கமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைச்சால் காணும்" என்றேன். கருவிக்கு உயிர் வந்ததும் நிரல் தானே தொடங்கும்படி ஒரு வரி எழுதினேன்: அம்மா, பதினைந்து, பதினேழு. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி. கழற்றிக் குத்திப் பரிசோதித்தும் பார்த்தேன். தானே எழுந்தது. பக்கத்தைத் திறந்தால் அம்மா தலை இழுக்கிறா என்று வந்தது. அப்போது நேரமும் ஆகியிருக்கவில்லை, ஆகவே சரி என்று மூடிவைத்தேன்.

மண்டபத்தில் வந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். நான் அவர்களின் கையைத் தட்டிக்கொடுத்து, அங்கால கதிரை இருக்கு, இருங்கோ என்றேன். மலர்ச்சாலைப் பொடியன் ஒருவன் வந்து சிங்களத்தில் மூடலாமா என்று கேட்டபோது, "ஹரி மல்லி", சரி தம்பி, என்றேன். பெட்டியை மூடும்போது மாமி குழறி அழுதார். நான் அம்மாவின் வகிட்டைப் பார்த்தேன். யாரோ பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள். சொல்லவேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நிலத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம். பல்கனிக் குழாயால் கீழ்வீட்டுக்காரரின் உடுப்பில் வடியும், அவர் பெல் அடிப்பார், அந்தக் கவலைதான் எனக்கு. அப்போது போன் வந்தது. தம்பி.

"அக்கா, அம்மா தலை இழுக்கிறா எண்டு கிடக்கு."

"என்ன?"

"கொஞ்சம் பொறு எண்டு கிடக்கு. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன். எவ்வளவு நேரமக்கா பொறுக்கிறது?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று தாண்டி நிறைய நேரம். மாமி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு மகனுக்குப் போன் எடுத்தார். அவன் குசுகுசுத்தது எனக்கும் கேட்டது. தேவாரம் முடியப்போகுது, உலைக்குள்ளே தள்ளுகிற கதவைத் திறந்துவிட்டார்கள், கமரா பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, லைட்தான் எரியவில்லை.

"டேய், பெட்டியைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கச் சொல்லு! அவன் இன்னும் பார்க்கேல்லை!"

"பிடிக்க ஏலாதம்மா. அடுத்த பெட்டி வாசலில நிக்குது."

நான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கருவிக்குள் நுழைய ஏற்கெனவே வழி வைத்திருந்தேன். நுழைந்து பார்த்தால் நிரல் ஓடுகிறது. வாசலில் கிடைத்த சொற்களும் சரி: அம்மா, பதினைந்து, பதினேழு. பிறகு என்ன சனியன்? ஓடுகிற ஒவ்வொரு நிரலும் பிறக்கும்போது என்னென்ன சூழலோடு பிறந்தது என்பதை லினக்ஸ் ஒரு கோப்பாகக் காட்டும். அதைத் திறந்தேன். நாலைந்து வரிதான். வீட்டு அடைவு, உள்நுழைந்த பெயர், பாதை, இன்னும் ஏதோ. TZ இல்லை.

அதைப் பெற்றது நான் இல்லை. கருவி எழும்பும்போது ஓடுகிற காவல் நிரல் ஒன்று பெற்றிருக்கிறது. அதன் கையில் இருந்த நாலைந்தைத்தான் அது கொடுத்தது. நான் எழுதிவைத்த கோப்பு அதற்குத் தெரியாது. ஆகவே இந்த அம்மாவுக்கு இப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை. மூன்று மணி வரட்டும் என்று காத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலைக் கடைக்குப் போய்விட்டது.

"அக்கா..."

"வாயைப் பொத்திக்கொண்டு இரு. பார்க்கிறன்."

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் வெளியிலிருந்து ஒரு சூழல் மாறியைத் திணிக்க முடியாது. பிறக்கும்போது கொடுக்காததை இனிக் கொடுக்க ஏலாது. ஒரே வழி, அதைக் கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அந்தக் கட்டளையின் பெயரே அதுதான். பெயரைச் சொல்லியும் கொல்லலாம், அதற்குரிய இலக்கத்தைச் சொல்லியும் கொல்லலாம். நான் இலக்கத்தைத் தேடி எடுத்துத் தட்டினேன். பிறகு மறுபடி தட்டினேன்: முன்னால் கொழும்பு நேரம், பிறகு அம்மா, பதினைந்து, பதினேழு. நானே நுழைந்திருந்ததால் நேரத்தைச் சொல்லாமலே போயிருக்கும். ஆனாலும் வாயால் சொன்னேன்.

போனில் தம்பி, "வந்திட்டுது" என்றான்.

அவனுக்கு அங்கே படம் ஓடியது. எனக்கு முன்னால் கறுப்புத் திரையில், ஒருவர் பார்க்கிறார் என்ற ஒற்றை வரி. அவன் பார்த்ததை நானும் திறந்து பார்த்திருக்கலாம். கை போகவில்லை. மாமி என் பின்னால் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவு மூடுகிற சத்தம், மாமியின் போன் வழியாகத்தான், கேட்டது.

"கண்டிட்டன் அக்கா. நீ கண்டனியோ?"

"இல்லை. எனக்கு வீடு கழுவ இருக்கு" என்று போனை வைத்தேன். மிச்சத் தண்ணீரையும் ஊற்றினேன். கீழ்வீட்டுக்காரர் பெல் அடிக்கவில்லை. அதுகூட எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது. யாரோடாவது சண்டை பிடித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். வந்தவர்களை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். குளித்தேன், தலை இழுக்கவில்லை. "பேய் மாதிரி இருக்கிறாய் பிள்ளை, அந்தச் சீப்பை ஒருக்கா எடு" என்று மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போதெல்லாம் சொன்னார். ஓம் ஓம் என்றேன். அழவேண்டும் என்று நானும் முயன்று பார்த்தேன். அம்மாவின் கட்டிலில் போய் இருந்துகொண்டு, இப்போது அழலாம் என்று காத்திருந்தேன். தும்மல் வருமாப்போல் வந்து வராமல் போய்விட்டது.

மச்சான் கருவியைக் கொண்டுவந்து, பழைய தட்டிலேயே, கதிரையைப் பார்த்தபடி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒருநாள் தம்பி கேட்டான். "அக்கா, ஏழு மணிக்குப் போடுவியா?"

"எதைப் பார்க்க? வெறுங்கதிரையையோ? உனக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். போடு."

சரி, போகட்டும் என்று எழுதினேன். இந்த முறை தானே தொடங்குகிற வரியிலேயே கொழும்பு நேரத்தையும் சேர்த்தேன். அம்மா, பத்தொன்பது, இருபது. இனி நான் நுழையத் தேவையில்லை. நேரத்துக்கு முந்தித் திறந்தால் வருகிற அந்த வசனத்தை மாற்றவேண்டும் என்றும் நினைத்தேன். நிரலைத் திறந்து, அந்த வரிக்குப் போய், அதைப் பார்த்துவிட்டு மூடினேன். பஞ்சி இல்லை. மாற்ற மனம் வரவில்லை.

ஏழு மணிக்கு நான் அறைக்குள் யன்னல் திரையை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு தானே எரிந்தது. போனும் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன்.

"கதிரை வெறுமையாக் கிடக்குது அக்கா."

"வேற எப்பிடிக் கிடக்கும்?"

அவன் போனை வைக்கவில்லை. குசினிப் பாத்திரச் சத்தம் மட்டும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. நான் கமராவுக்கு எட்டாத பக்கமாகச் சுவரோடு நடந்து, அம்மாவின் லாச்சியைத் திறந்து சீப்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அத்தனை நாள் சிக்கு. இழுக்க இழுக்க நொந்தது. கண்ணாடி இல்லாமல் விரலால் தடவி வகிடு எடுத்தேன். பிறகு போய்க் கதிரையில் இருந்தேன்.

அவன் எங்கோ தள்ளிப் போயிருக்கவேண்டும், பாத்திரச் சத்தம் குறைந்தது.

"அக்கா."

"என்ன?"

"உச்சி கோணல்."

"உன்ர கண்தான்டா கோணல்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததும் இல்லை. அம்மாவின் இழுவையோடு, அம்மா டா போடுகிற அதே அழுத்தத்தோடு, என் வாயிலிருந்து அது வந்தது. அவன் அங்கே ஐயோ அக்கா என்றான். நான் அம்மா, அம்மா என்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இருபது என்று நான் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு விளக்கு தானே அணைந்தது. அதுவரை இரண்டு பேரும் அழுதோம்.